மலைக்கிராமத்துப் பச்சிளங்குழந்தைக்குக் கடும் தொற்று: ஊருக்கு ஒரு மருந்துப் பெட்டி வைக்கலாமா?

கேள்வி இதுதான். சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் நண்பர்கள் சிலர் ஜவ்வாது மலைக் கிராமங்களில் தன்னார்வமாக உதவி வருகிறார்கள். பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தைகள் தொற்றால் இறந்துபோவதைக் கேள்விப்பட்டு, ஆன்டிபயாடிக் மருந்துகளை வாங்கி ஊருக்கு ஒரு பெட்டி வைத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாதபோது ஊரிலேயே சிகிச்சை தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருப்பது உண்மையா, அது ஏழைகளுக்கு என்று ஒதுக்கிய இரண்டாந்தர வைத்தியம் இல்லையா என்றும் கேட்டிருக்கிறார்கள்.

நான் சென்னையில் குழந்தைகள் நல மருத்துவர். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்திருக்கிறேன். மலை மாவட்டங்களின் செவிலியர்களுக்குப் பயிற்சி தரவும் போய் வருகிறேன். முதலிலேயே பதிலைச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் அப்படிச் சொல்லியிருப்பது உண்மை. முறையாகச் செய்தால் அது இரண்டாந்தர வைத்தியம் ஆகாது. ஆனால் மருந்துப் பெட்டி மட்டும் வேண்டாம், தயவுசெய்து வைக்காதீர்கள். இந்தச் சிகிச்சையில் மருந்து மலிவானது, எளிதாகக் கிடைப்பது. குழந்தையைச் சட்டை கழற்றிப் பார்த்து, மூச்சை எண்ணி, எடைக்கு ஏற்ப மருந்து கொடுத்து, மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே வாசலில் வந்து நிற்கிற ஆள்தான் கிடைப்பதில்லை. அந்த ஆள் இல்லாமல் பெட்டி மட்டும் இருந்தால் நன்மையைவிடத் தீமையே அதிகம்.

ஏன் இரண்டு மாதத்துக்குள் என்று தனியாகப் பிரிக்கிறோம் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு வயதுக் குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்கும், அழும், இருமும், வீடே எழுந்து உட்காரும். பதினைந்து நாள் குழந்தை அப்படி இல்லை. அதன் நோய் எதிர்ப்பாற்றல் இன்னும் முதிரவில்லை. நுரையீரலில் ஆரம்பித்த கிருமி ரத்தத்துக்கும் மூளை உறைக்கும் போக நாட்கள் தேவையில்லை, மணி நேரங்கள் போதும். அறிகுறியோ மிகச் சன்னமாக இருக்கும். உடம்பு சுடுவதற்குப் பதிலாகச் சில்லிட்டுப் போகலாம். அழுவதற்குப் பதிலாக அமைதியாகிவிடலாம். 'பிள்ளை ரொம்ப சாது, தூங்கிக்கிட்டே இருக்கு' என்று வீட்டில் சந்தோஷப்படும் நேரத்தில் அது உள்ளுக்குள் சரிந்துகொண்டிருக்கும். 2012-ஆம் ஆண்டுக்கான ஒரு மதிப்பீட்டின்படி, தெற்காசியா, சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளில் மட்டும் அந்த ஒரே வருடத்தில் சுமார் 69 லட்சம் பச்சிளங்குழந்தைகளுக்குக் கடும் பாக்டீரியா தொற்று வந்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. இங்கே பிரசவம் கிட்டத்தட்ட முழுக்க ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 99 சதவீதத்துக்கும் மேல். நல்ல விஷயம். ஆனால் பிரசவம் முடிந்து இரண்டு மூன்று நாளில் தாயும் சேயும் மலையேறிவிடுகிறார்கள். தொற்று அதற்குப் பிறகு, ஐந்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ வருகிறது. பிறந்த இடம் ஆஸ்பத்திரி, நோய் வரும் இடம் வீடு. இந்த இடைவெளியில்தான் குழந்தைகளை இழக்கிறோம்.

என்னென்ன அறிகுறி என்று கேட்பீர்கள். சரியாகப் பால் குடிக்காமல் போவது, வலிப்பு, ஒரு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, மூச்சிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி ஆழமாக உள்வாங்குவது, 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், 35.5 டிகிரிக்குக் கீழே சில்லிட்டுப் போவது, தொட்டு எழுப்பினால் மட்டும் அசைவது அல்லது அசையவே அசையாதது. நம் கடைகளில் கிடைக்கும் தெர்மாமீட்டரில் பெரும்பாலும் ஃபாரன்ஹீட்தான் இருக்கும் என்பதால் அந்தக் கணக்கையும் சொல்கிறேன்: 100.4-ம் அதற்கு மேலும் ஆபத்து, 95.9-க்குக் கீழும் ஆபத்து. இரண்டாவது எண்ணைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

படிக்கும்போது சுலபமாகத் தெரியும். செய்யும்போதுதான் அதன் அருமை புரியும். நன்றாகப் பயிற்சி பெற்ற ஒரு கிராம சுகாதார செவிலியர் இதை எப்படிச் செய்கிறார் என்று சொல்கிறேன். வீட்டுக்குள் போனதும் குழந்தையைத் தூக்க மாட்டார். தூக்கினால் அழும், அழுதால் மூச்சை எண்ண முடியாது. தாயின் மடியிலேயே விட்டு, சட்டையை மட்டும் மெல்ல மேலே ஏற்றி, செல்போனில் ஒரு நிமிடம் வைத்து, வயிறு எழும்பி இறங்குவதை எண்ணுவார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது இந்த வயதில் கூடாது. பச்சிளங்குழந்தை சில விநாடி மூச்சை நிறுத்திவிட்டுப் பிறகு வேகமாக இழுக்கும், அது இயல்பு. அதனால் முழு நிமிடம் எண்ண வேண்டும். 60-ஐத் தொட்டால் இன்னொரு முறை எண்ண வேண்டும். அப்புறம் கேட்பார்: 'பால் குடிக்கிறானா?' தாய் சொல்வார்: 'குடிக்கிறான் நர்ஸம்மா, ரெண்டு இழு இழுத்துட்டுத் தூங்கிடுறான்.' அந்தப் பதிலோடு விடமாட்டார். 'இப்ப கொடும்மா, பார்ப்போம்' என்று பக்கத்தில் உட்கார்ந்து நாலு நிமிடம் பார்ப்பார். நேற்றுவரை ஆவலாய்க் குடித்த பிள்ளை இன்று காம்பை வாயில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால், ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாமலேயே விஷயம் பாதி தெரிந்துவிடும்.

இந்த நேரத்தில் வீட்டுப் பெரியவர்கள் வேறொரு பெயர் வைத்திருப்பார்கள். உரம் விழுந்திருக்கிறது, மாந்தம், பார்வை பட்டிருக்கிறது, சீர் தட்டியிருக்கிறது. இதைச் சொல்கிற பாட்டிகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். குழந்தை சரியில்லை என்று வீட்டில் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். அவர் கண் சரியாகவே பார்க்கிறது. அதற்குப் பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் நேரம் போய்விடுகிறது. சேலையில் போட்டு உருட்டி உரம் எடுப்பதற்கு ஒரு நாள், தொக்கம் எடுப்பவரைத் தேடிப் போவதற்கு இன்னொரு நாள். ஆகவே பயிற்சிகளில் நான் பாட்டிகளோடு வாதம் செய்வதில்லை. 'உரம் விழுந்த மாதிரி தெரிஞ்சா, பால் குடிக்காம போனா, அன்னிக்கே நர்ஸம்மாவுக்கு ஒரு போன் போடுங்க' என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வீட்டில் முதல் எச்சரிக்கை மணி அடிப்பவரை நம் பக்கம் வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

சரி, உலக சுகாதார நிறுவனம் சொன்னதற்கு வருவோம். 2015-இல் அது ஒரு வழிகாட்டி நெறிமுறை வெளியிட்டது. அதன் முதல் வரி இது: இந்த அறிகுறிகள் உள்ள குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி மருந்து கொடுப்பதுதான் சிறந்தது. எவ்வளவு எடுத்துச் சொல்லியும் குடும்பம் வர முடியாத நிலையில் இருந்தால், கைகட்டி நிற்காமல் அருகிலேயே எளிய சிகிச்சை கொடுக்கலாம் என்பது அதன் அடுத்த வரி. நோயாளிக் குழந்தைகளை அது மூன்றாகப் பிரிக்கிறது. மயக்கம், வலிப்பு, பால் அறவே குடிக்க முடியாமை, மூச்சு நின்று நின்று வருவது, நீலம் பாய்வது, உச்சிக்குழி உப்பியிருப்பது போன்றவை இருந்தால் அது உயிருக்குப் போராடும் நிலை. அந்தக் குழந்தைக்கு முதல் ஊசியைப் போட்டு எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். பால் குடிப்பது குறைந்திருக்கிறது, காய்ச்சலோ சில்லிப்போ இருக்கிறது, நெஞ்சு உள்வாங்குகிறது, ஆனால் மேலே சொன்னது எதுவும் இல்லை என்றால் அது கடும் தொற்று. இங்கேதான் எளிய சிகிச்சைக்கு இடம் உண்டு: தினம் ஒரு ஜென்டமைசின் ஊசி, அதோடு காலை மாலை வாய்வழி அமாக்சிசிலின், ஏழு நாள். இரண்டுமே ஆன்டிபயாடிக். இல்லையென்றால் ஊசி முதல் இரண்டு நாளுக்கு மட்டும், அமாக்சிசிலின் ஏழு நாளும். மூன்றாவது வகையில் வேகமான மூச்சு மட்டும் இருக்கும், வேறு எதுவும் இருக்காது. ஏழு நாள் வயது தாண்டிய குழந்தையாக இருந்தால் அதற்கு அமாக்சிசிலின் மட்டுமே போதும், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதில்லை. முதல் வாரத்துக் குழந்தையாக இருந்தால் ஆஸ்பத்திரிதான் நல்லது.

இது மேசையில் உட்கார்ந்து எழுதியது இல்லை. காங்கோ ஜனநாயகக் குடியரசு, கென்யா, நைஜீரியா, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய நாடுகளில், ஆஸ்பத்திரிக்கு வர மறுத்த குடும்பங்களின் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகள் இதன் அடித்தளம். ஆப்பிரிக்க ஆய்வின் முடிவு 2015-இல் வந்தது. தினமும் இரண்டு வகை ஊசி ஏழு நாள் போட்ட குழுவில் சிகிச்சை பலிக்காமல் போனது 8 சதவீதம். ஒரே ஊசியும் வாய்வழி மருந்தும் கொடுத்த குழுவில் 6 சதவீதம். ஊசியைப் பாதியாகக் குறைத்தும் பலன் குறையவில்லை. ஆனால் இதைப் படிக்கிறவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். உயிருக்குப் போராடும் நிலையில் இருந்த குழந்தைகளை அந்த ஆய்வுகளில் சேர்க்கவே இல்லை. சேர்ந்த குழந்தைகளைப் பயிற்சி பெற்றவர்கள் விடாமல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அந்தப் பார்வையும் சேர்த்துத்தான் அந்த 6 சதவீதம்.

இந்த வழிக்கு முன்னோடி நம் நாட்டிலேயே இருக்கிறது. மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதியர் 1990-களில் 39 கிராமங்களில் ஊருக்கு ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். பெரிய படிப்பெல்லாம் இல்லாத கிராமத்துப் பெண்கள். பிரசவத்தின்போதே வீட்டில் இருப்பார்கள், பிறகு குழந்தைக்கு ஒரு மாதம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பெற்றோர் மறுத்தால் ஜென்டமைசின் ஊசியும் கோட்ரைமாக்சசோல் சிரப்பும் வீட்டிலேயே கொடுப்பார்கள். மூன்றாம் வருடத்தில், இந்த ஏற்பாடு இல்லாத 47 கிராமங்களோடு ஒப்பிட்டால் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. தொற்று வந்த குழந்தைகளில் இறந்தவர்கள் 16.6 சதவீதத்திலிருந்து 2.8 சதவீதமாக இறங்கினார்கள். 1999-இல் இந்த முடிவு வெளியானது. எனக்கு இந்த எண்களைவிட, அந்தப் பெண்கள் அந்தந்த ஊரிலேயே வாழ்ந்தவர்கள் என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்கிற தூரத்தில் இருந்தார்கள்.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருகிறேன். தெற்காசியாவில் பச்சிளங்குழந்தைத் தொற்றுக்கு எந்தக் கிருமி காரணம் என்று பங்களாதேஷ், பாகிஸ்தான், இந்தியா மூன்றிலும் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியாவில் அதன் களங்கள் ஒடிசாவும் நம் வேலூரும். 2018-இல் முடிவு வந்தது. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்த குழந்தைகளைச் சோதித்தபோது, தொற்றுதான் காரணம் என்று சொல்ல முடிந்தது கிட்டத்தட்ட 28 சதவீதத்தில்தான். அதிலும் பாக்டீரியா 16, வைரஸ் 12. அதாவது இந்த அறிகுறிகளுக்காக ஆன்டிபயாடிக் பெறும் குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்காது. கிராமத்தில் நின்றுகொண்டு யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பிரிக்க நம்மிடம் கருவி இல்லை. அதனால் அறிகுறி உள்ள எல்லோருக்கும் கொடுக்கிறோம், அது சரிதான். ஆனால் பயிற்சி பெற்றவர் பார்த்தே இவ்வளவு அதிகமாகப் போகிறது என்றால், பெட்டியைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். தும்மினால் அமாக்சிசிலின், கக்கினால் அமாக்சிசிலின். நிஜமாகவே ரத்தத்தில் கிருமி ஏறிய குழந்தைக்கும் அரை ஸ்பூன் சிரப் ஊற்றிவிட்டு, மருந்து கொடுத்தாயிற்று என்ற நிம்மதியில் இரண்டு நாள் காத்திருப்பார்கள். அந்த நிம்மதிதான் என்னை மிகவும் பயமுறுத்துகிறது.

ஊசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஜென்டமைசின் குப்பியில் 2 மில்லியில் 80 மில்லிகிராம் இருக்கும். பெரியவர்களுக்கான அளவு அது. 3 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தால் 15 மில்லிகிராம். கணக்குப் போட்டால் 0.375 மில்லி. இதை 2 மில்லி சிரிஞ்சில் அளக்கவே முடியாது, ஒரு மில்லி சிரிஞ்ச் வேண்டும். எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு இன்னும் குறைந்த அளவு. கொஞ்சம் கூடிப்போய் அது தினமும் தொடர்ந்தால் சிறுநீரகமும் காதும் பாதிக்கப்படலாம். குறைந்துபோனால் கிருமி சாகாது. ஊசி போட வேண்டியது தொடையின் வெளிப்பக்கத்தில், புட்டத்தில் இல்லை. இவ்வளவையும் தெரிந்தவர் கையில் இருக்க வேண்டிய மருந்து அது. எடை பார்க்கும் தராசு இல்லாத இடத்துக்கு அந்தக் குப்பி போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடிவாரத்து ஊர்களில் 'ஊசி போடுபவர்' ஒருவர் இருப்பார், கையில் செஃப்ட்ரையாக்சோன் என்ற பலமான ஆன்டிபயாடிக் ஊசி இருக்கும். மஞ்சள் காமாலை உள்ள பச்சிளங்குழந்தைக்கு அந்த மருந்து ஆகாது, கால்சியம் கலந்த திரவம் ஏறும் குழந்தைக்கும் ஆகாது. பலமான மருந்து எல்லாம் நல்ல மருந்து என்ற எண்ணத்தை எப்படியாவது மாற்றியாக வேண்டும்.

அப்படியென்றால் யார் கொடுப்பது? இதற்கு அரசு ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2011 முதல் ஆஷா எனப்படும் கிராமத்துப் பெண் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து குழந்தையைப் பார்க்கும் திட்டம் நடக்கிறது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் ஆறு முறை. வீட்டில் பிறந்திருந்தால் முதல் நாளும் சேர்த்து ஏழு முறை. தமிழ்நாட்டில் ஆஷாக்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில் இருக்கிறார்கள். 2014-இல் மத்திய சுகாதார அமைச்சகம் இன்னொரு வழிகாட்டுதல் கொண்டுவந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்முன் துணைச் செவிலியர் முதல் ஜென்டமைசின் ஊசியும் அமாக்சிசிலினும் கொடுக்கலாம், போகவே முடியாத நிலை என்றால் முழு சிகிச்சையையும் அவரே கொடுக்கலாம் என்கிறது அது. நம் ஊரில் அந்த இடத்தில் இருப்பவர் கிராம சுகாதார செவிலியர். ஆக அதிகாரம் இருக்கிறது, மருந்துக்குப் பட்டியலில் இடம் இருக்கிறது. ஆனால் ஒரு செவிலியருக்கு எத்தனை குக்கிராமம், அவருக்கு வண்டி இருக்கிறதா, மழைக்காலத்தில் பாதை இருக்கிறதா, கடைசியாக அவர் ஊசியைக் கையில் எடுத்து எத்தனை மாதம் ஆகிறது என்பதெல்லாம் தனிக் கேள்விகள். பச்சிளங்குழந்தைக்கு ஊசி போட ஒரு தைரியம் வேண்டும். அடிக்கடி செய்யாவிட்டால் அது போய்விடும். ஏதாவது ஆகிவிட்டால் என்னைத்தானே கேட்பார்கள் என்ற பயத்தில் முதல் டோஸைக்கூடப் போடாமல் அனுப்பிவிடுவார்கள். மலையிறங்கும் அந்தச் சில மணி நேரம் மருந்தில்லாமல் போகும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பின்னால் ஒரு மருத்துவர் போனில் நின்று 'போடுங்கள், நான் இருக்கிறேன்' என்று சொன்னால் அவர்கள் போடுவார்கள்.

ஆரம்பித்தபின் தொடர்வதும் அதே அளவு முக்கியம். ஊசி போடும் நாளெல்லாம் குழந்தையைப் பார்க்க வேண்டும். நாலாம் நாள் மறுபடி தலை முதல் கால் வரை முழுசாகப் பார்க்க வேண்டும். முன்னேற்றம் இல்லையென்றால், புதிதாக ஓர் அறிகுறி வந்தால், எந்த நேரமானாலும் மேல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டாம் நாளே பிள்ளை நன்றாகப் பால் குடிக்க ஆரம்பித்துவிடும். உடனே வீட்டில் மருந்தை நிறுத்திவிடுவார்கள். ஏழு நாள் முடியும்வரை யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இது தமிழ்நாட்டில் நடக்குமா என்றால், தர்மபுரி மாவட்டம் சித்திலிங்கியைப் போய்ப் பாருங்கள். சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் உள்ள அந்தப் பள்ளத்தாக்கில் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா ரெஜி இருவரும் 1993-இல் ஒரு குடிசையில் மருத்துவம் பார்க்க ஆரம்பித்தார்கள். அங்குள்ள பழங்குடிப் பெண்களுக்கே பயிற்சி தந்து சுகாதாரப் பணியாளர்கள் ஆக்கினார்கள். சிசு மரணம் மிக அதிகமாக இருந்த அந்த ஊர்களில் அது பெருமளவு குறைந்தது. வெளியிலிருந்து பொருள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகாமல் உள்ளூர் ஆட்களை உருவாக்கியதால் நடந்த மாற்றம் அது.

இரண்டாந்தர வைத்தியமா என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல கேள்வி, கேட்க வேண்டிய கேள்வி. சாலை போடாமல், ஆம்புலன்ஸ் விடாமல், 'அதான் ஊரிலேயே ஊசி போடலாமே' என்று அரசு சாக்குச் சொன்னால் அது நிச்சயம் அநீதி. 2023-இல் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை, சாலை இல்லாததால் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இறந்து, உடலைத் தாய் சுமந்து நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். சாலைக்கான கோரிக்கையை ஒருநாளும் விடக்கூடாது. ஆனால் சாலை வரும்வரை இன்று பிறந்த பிள்ளை காத்திருக்காது. தவிர, முதல் டோஸ் விஷயத்தில் மலை, நகரம் என்ற வேறுபாடே இல்லை. சென்னையில் நல்ல வசதியுள்ள ஆஸ்பத்திரியில் என் முன்னால் அதே குழந்தை வந்தாலும் நான் முதலில் செய்வது ஆன்டிபயாடிக்கைத் தாமதமில்லாமல் கொடுப்பதுதான். மலையில் இருக்கும் செவிலியர் அதை இரண்டு மணி நேரம் முன்னாடியே செய்துவிட்டால், என் வார்டில் கிடைப்பதைவிட நல்ல வைத்தியத்தை அவர் கொடுத்திருக்கிறார்.

அப்புறம், ஆஸ்பத்திரி என்றாலே பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2016-இல் வெளியான டெல்லி ஆய்வில், மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் பிறந்து தொற்று வந்த குழந்தைகளின் ரத்தத்தில் கண்டது அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள். அவற்றில் பல, பலவகை மருந்துகளுக்கும் அடங்காதவை. நெரிசலான வார்டுகளில் இந்தப் பிரச்சினை உண்டு. தேவையில்லாத குழந்தையை அங்கே கொண்டுவருவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. வேகமான மூச்சு மட்டும் உள்ள இருபது நாள் குழந்தையை ஊரிலேயே வைத்துப் பார்ப்பது அதன் நன்மைக்கும்தான்.

அனுப்ப வேண்டிய குழந்தையை எப்படி அனுப்புவது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. 108-க்கு அழைத்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் முதல் ஊசி, வாய்வழி மருந்து. வலிப்பு, மயக்கம் என்றால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது. குடிக்கும் நிலையில் இருந்தால் தாய்ப்பால், இழுக்கச் சிரமப்பட்டால் பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக. இல்லையென்றால் வழியிலேயே சர்க்கரை இறங்கிவிடும். துணியில் சுற்றித் தனியாகப் படுக்க வைக்காமல், தாயின் நெஞ்சோடு தோல் மேல் தோல் படும்படி அணைத்து, மேலே சேலையோ போர்வையோ சுற்ற வேண்டும். மார்கழிக் குளிரில் மலையிறங்கி வரும் குழந்தை 34 டிகிரி செல்சியஸில் வந்து சேருவதைப் பார்த்திருக்கிறேன். தொற்றோடு சேர்ந்து குளிரும் அதைக் கொல்லும். இன்குபேட்டர் இல்லாத இடத்தில் அம்மாவின் நெஞ்சுதான் இருப்பதிலேயே நல்ல வெப்பம்.

வராமல் தடுப்பது பற்றிச் சுருக்கமாக: முதல் மணி நேரத்தில் தாய்ப்பால், சேனையோ கழுதைப்பாலோ வேண்டாம், தொப்புளில் சாம்பலும் மஞ்சளும் எண்ணெயும் வைக்காமல் காயவிடுவது, குளிப்பாட்டி மூக்கிலும் காதிலும் ஊதுவதையும் எண்ணெய் விடுவதையும் நிறுத்துவது, குழந்தையைத் தொடுபவர் சோப்புப் போட்டுக் கை கழுவுவது.

உங்கள் பணத்தை எதில் போடலாம் என்றால், அந்தப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் செவிலியர்களிடமும் முதலில் பேசுங்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் சின்னச் சின்னப் பொருளாக இருக்கும்: குழந்தை எடை பார்க்கும் தராசு, 95 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழும் காட்டக்கூடிய தெர்மாமீட்டர், ஒரு மில்லி சிரிஞ்சுகள், குழந்தையின் பாதத்தில் மாட்டும் அளவுக்கு ஆக்சிமீட்டர், சிக்னல் கிடைக்கும் சிம். அரசு கொடுத்திருக்கும், உடைந்திருக்கும், மாற்றுவதற்கு மாதக்கணக்காகும். ஆஷாக்களும் செவிலியர்களும் வருடத்துக்கு இரண்டு முறையாவது வார்டில் நின்று நோயாளிக் குழந்தைகளைக் கண்ணால் பார்த்துப் பழக ஏற்பாடு செய்ய முடிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. நெஞ்சு உள்வாங்குவதை வீடியோவில் பத்து முறை பார்ப்பதும் ஒரு குழந்தையிடம் நேரில் பார்ப்பதும் ஒன்றாகாது.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அதற்கு நீங்கள் சென்னையை விட்டுப் போகவே வேண்டாம். மலையில் குடும்பங்கள் ஏன் ஆஸ்பத்திரிக்கு வர மறுக்கிறார்கள் என்று கேட்டால், சிகிச்சைச் செலவு என்று யாரும் சொல்வதில்லை. பச்சிளங்குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை, மருந்து, போக வர வண்டி எல்லாம் இலவசம் என்று 2011-லேயே ஆகிவிட்டது. அவர்கள் சொல்வது வேறு: 'வீட்டுல இன்னும் ரெண்டு பிள்ளை இருக்கு, யார் பார்ப்பாங்க?', 'அங்க போனா எங்க தங்குறது?', 'யாரைக் கேக்குறதுன்னே தெரியாது.' இது மலைக்கு மட்டும் உரியதும் இல்லை. திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பங்களும் இதையேதான் சொல்கிறார்கள். சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் மொழி தெரியாததால் அவர்களுக்கு ஆஸ்பத்திரி ஜவ்வாது மலையைவிடத் தூரம். மேல்சிகிச்சைக்காக ஒரு குழந்தை நகரத்துக்கு வந்தால் தாய் உள்ளே, தகப்பன் வெளியே. அவர் மரத்தடியில் பத்து நாள் படுத்திருப்பார். கூலி போகும். ஐந்தாம் நாள், 'எழுதிக் கொடுத்துட்டு கூட்டிட்டுப் போறோம் டாக்டர்' என்று வந்து நிற்பார். ஊருக்குப் போய் அவர் சொல்லும் கதையைக் கேட்டுத்தான் அடுத்த வீட்டுக்காரர் தன் பிள்ளையைக் கொண்டுவருவதா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

உங்கள் குழுவில் ஆள் இருக்கிறது, சென்னை தெரியும், போன் இருக்கிறது. மலையிலிருந்து ஒரு குழந்தையை அனுப்பும்போது அந்தச் செவிலியர் உங்களுக்கு ஒரு போன் போடட்டும். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடத்தில் உங்களில் ஒருவர் இருங்கள். சீட்டு எங்கே போடுவது, தாய்க்குச் சாப்பாடு எங்கே கிடைக்கும், தகப்பன் இரவு எங்கே தங்கலாம் என்று சொல்லுங்கள். ஊரில் இருக்கும் மற்றப் பிள்ளைகளோடு மாலையில் ஒருமுறை போனில் பேச வையுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அந்தச் செவிலியருக்கு அனுப்புங்கள், மலையேறிய மறுநாள் அவர் போய்ப் பார்க்க முடியும். இதை எப்படி ஆரம்பிப்பது, யாரிடம் அனுமதி வாங்குவது என்று பேச வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.